தேவை திருத்திய கோடு

படம் வரையும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எனக்குக் கை எப்போ படியும்?" ஓவியம் என்றாலே கைப்பழக்கம்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. தினமும் வரைந்தால் கை படியும். எதில் படியும் என்று யாரும் சொல்வதில்லை. பத்து வருஷம் ஒரே மாதிரி மூக்கு வரைந்தால் அந்த மூக்கு மட்டும் வேகமாக வரும். கைக்கு வேகம் கூடுவது வேறு, கை வளர்வது வேறு. இந்த வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஒரு காமிக்ஸ் ஓவியரின் நாற்பது வருஷ வேலையை வரிசையாக எடுத்து வைத்துப் பார்க்கலாம். டீயை எடுத்துக்கொண்டு வாருங்கள், நிதானமாகப் பேசுவோம்.

அவர் பெயர் ஜோ சாக்கோ. போர் நடந்த ஊர்களுக்கும் அகதி முகாம்களுக்கும் நேரில் போய், மக்களிடம் உட்கார்ந்து பேசி, கேட்டதையும் கண்டதையும் காமிக்ஸாக வரைபவர். இன்று உலகத்தில் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சாக்கோவுடையதுதான்.

இப்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதிலிருந்தே தொடங்கலாம். 2024 தொடக்கத்தில், காஸாவில் போர் உச்சத்தில் இருந்தபோது, 'வார் ஆன் காஸா' என்ற தொடரை வரைய ஆரம்பித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அது 32 பக்கச் சிறு புத்தகமாக வந்தது. 2025-இல் 'மவுஸ்' என்ற புகழ்பெற்ற நூலை வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனோடு சேர்ந்து அதே காஸாவைப் பற்றி ஒரு குறுங்காமிக்ஸ் வெளியிட்டார். அதே 2025-இல் 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் ரயட்' என்ற புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. அது நம் நாட்டுக் கதை. 2013-இல் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் ஜாட் சமூகத்தாருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கலவரத்தைப் பற்றியது.

காஸா தொடரில் கோபம் கொப்பளிக்கிறது. அரசியல் தலைவர்கள் கேலிச்சித்திரமாக வருகிறார்கள். கோடு அவசரமாக ஓடுகிறது. முசாஃபர்நகர் புத்தகத்தில் அதே கை பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் ஒவ்வொரு தெருவையும் வரைகிறது. ஒரே மனிதருக்கு இந்த இரண்டு கையும் எப்படி வந்தன? பழைய புத்தகங்களைப் புரட்டினால் தெரியும்.

சாக்கோ 1960-இல் மால்ட்டா தீவில் பிறந்தார். குடும்பம் முதலில் ஆஸ்திரேலியாவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தது. கல்லூரியில் அவர் படித்தது இதழியல்; ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1981-இல் பட்டம் வாங்கினார். ஓவியம் அவராகக் கற்றுக்கொண்டது. செய்தித்தாள் உலகத்தில் மனதுக்குப் பிடித்த வேலை அமையவில்லை. 1983-இல் மால்ட்டாவுக்குத் திரும்பிப் போய் அந்நாட்டு மொழியிலேயே காதல் காமிக்ஸ் வரைந்தார். எண்பதுகளின் கடைசியில் 'யாஹூ' என்ற தலைப்பில் தனி இதழ்கள் கொண்டுவந்தார். அந்தக் காலப் படங்களில் அமெரிக்க நையாண்டி ஓவியர் ராபர்ட் கிரம்ப்பின் பாதிப்பு நன்றாகத் தெரியும். பெரிய மூக்கு, தடித்த உதடு, வளைந்து நெளியும் கை கால். சிரிக்கவும் சீண்டவும் அந்தக் கை போதுமானதாக இருந்தது.

அந்த இதழ்களில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மால்ட்டா மீது குண்டுமழை பொழிந்தபோது சிறுமியாக இருந்த தன் அம்மாவின் நினைவுகளை அதில் அவர் வரைந்தார். தன் கண்ணால் காணாத காலம், இன்னொருவர் வாயால் கேட்ட சம்பவம். அதை நம்பும்படி வரைய வேண்டும். பிற்காலத்து சாக்கோவின் வேலை முழுவதற்கும் விதை அங்கேதான் விழுந்தது.

1991 கடைசியிலும் 1992 தொடக்கத்திலுமாக இரண்டு மாதம் போல அவர் பாலஸ்தீனத்தில் சுற்றினார். அதிலிருந்து பிறந்ததுதான் 'பாலஸ்தீன்'. 1993 முதல் 1995 வரை ஒன்பது இதழ்களாக வந்தது. 1996-இல் அமெரிக்கன் புக் விருது பெற்றது. பின்னர் ஒரே தொகுப்பாக வந்தபோது பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சைத் முன்னுரை எழுதினார். இந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்துக்காக மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஓர் ஓவியரின் கை மாறுவது பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படும்.

தொடக்கத்தில் பழைய கிரம்ப் பாணிதான். கோணல்மாணலான கட்டங்கள், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் எழுத்துப் பட்டைகள், மூக்கும் பல்லும் துருத்திய முகங்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சாக்கோ தன்னையே விகாரமாக வரைந்துகொண்டால் அது நகைச்சுவை. வீடு இடிக்கப்பட்ட ஒரு மூதாட்டியை அப்படி வரைந்தால் அவரை அவமதித்ததாகிவிடும். தன் பாணி விஷயத்தின் கனத்தைத் தாங்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். போகப் போக முகங்கள் நிதானப்படுகின்றன. ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகத் தெரிகிறார்கள். ஒருவரை மட்டும் அவர் கடைசி வரை மாற்றவில்லை: தன்னை. இன்று வரை அவர் நேரில் போய் வரைந்த புத்தகங்களில் சாக்கோ மட்டும் கேலிச்சித்திரம்தான். வட்டக் கண்ணாடி, அதற்குள் கண்ணே கிடையாது, வெறும் வெள்ளை. மற்றவர்களின் கண்ணை நாம் பார்க்கவேண்டும், அவருடையதைப் பார்க்கத் தேவையில்லை என்று அந்த வெள்ளைக் கண்ணாடி சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

அதே புத்தகத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. விசாரணைக்காகப் பிடித்துச் செல்லப்பட்டு, தலையில் சாக்கு மாட்டி, தூங்கவிடாமல் வதைக்கப்பட்ட ஒருவரின் அனுபவம் ஓர் அத்தியாயமாக வருகிறது. முதல் பக்கங்களில் கட்டங்கள் பெரியவை. நாள் ஆக ஆக ஒரு பக்கத்துக்குள் கட்டங்களின் எண்ணிக்கை கூடுகிறது. கடைசியில் ஒரே பக்கத்தில் 20 கட்டங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் அதே மனிதர், அதே நாற்காலி, அதே சாக்கு. படிக்கிற நமக்கே மூச்சு முட்டுகிறது. விடுதலையாகித் தெருவுக்கு வந்ததும் கட்டம் சட்டென்று விரிகிறது. அந்தச் சிறைவாசத்தின் நீளத்தையும் இறுக்கத்தையும் விளக்க ஒரு வார்த்தைகூட அவர் செலவழிக்கவில்லை. வரைகலையில் கை வளர்வது என்றால் அழகான முகம் வரைவது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கட்டத்தின் அளவும் ஒரு மொழி. அதையும் பழக வேண்டும்.

அடுத்தது பாஸ்னியா. 1995 கடைசியிலும் 1996 தொடக்கத்திலும் நான்கு முறை கோராஷ்டே என்ற நகரத்துக்குப் போனார். செர்பியப் படைகள் மூன்றரை ஆண்டு சுற்றி வளைத்திருந்த ஊர் அது. 2000-இல் வந்த 'சேஃப் ஏரியா கோராஷ்டே'யில் பழைய வளைவு நெளிவெல்லாம் அடங்கிவிட்டது. கட்டடம் கட்டடமாக, மலை மலையாக நிற்கிறது. ஊருக்குள் ஓடும் திரினா ஆற்றில் மக்கள் கிடைத்த தகரத்தையும் பீப்பாயையும் வைத்துச் சின்னச் சின்ன நீர்ச்சக்கரங்கள் செய்து மிதக்கவிட்டு மின்சாரம் எடுத்தார்கள். பாலத்தடியில் அவை கட்டப்பட்டு மிதக்கும் காட்சியைச் சாக்கோ வரைந்திருக்கிறார். பார்க்கிற எவருக்கும் அது எப்படி வேலை செய்தது என்று புரிந்துவிடும். கிரம்ப் பாணியில் வரைந்திருந்தால் அது வேடிக்கைப் பொருளாகியிருக்கும். இங்கே அது ஒரு ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்குச் சாட்சி.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். நிகழ்காலத்தில் தான் கண்டதை வரையும் பக்கங்களில் கட்டங்களைச் சுற்றி வெள்ளை. மக்கள் சொன்ன போர்க்கால நினைவுகளை வரையும் பக்கங்களில் சுற்றிலும் கறுப்பு. புத்தகத்தை மூடி வைத்துப் பக்க ஓரத்தைப் பார்த்தாலே எங்கெங்கே நினைவு, எங்கெங்கே நிகழ்காலம் என்று பட்டை பட்டையாகத் தெரியும்.

இங்கே அவருடைய வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். பேட்டிகளைப் பதிவு செய்கிறார், எழுதிக்கொள்கிறார், படமும் எடுக்கிறார். இதையெல்லாம் எந்தச் செய்தியாளரும் செய்வார். சாக்கோ கேட்கும் சில கேள்விகளை மற்றவர்கள் கேட்பதில்லை. 'அன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள், யார் எங்கே நின்றார்கள்? சிப்பாய்கள் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள்? தெரு தார் போட்டதா, மண்ணா? முள்வேலி எவ்வளவு உயரம்?' எழுதுகிறவர் 'சிப்பாய்கள் கதவைத் தட்டினார்கள்' என்று முடித்துவிடலாம். வரைகிறவருக்கு அந்தக் கதவு மரமா தகரமா என்று தெரியவேண்டும், கதவுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் பேனா நகராது. ஆகவே படத்தின் தேவை பேட்டியையே ஆழமாக்குகிறது. கேட்டுக் கேட்டுக் கண் கூர்மையாகிறது, கண் கூர்மையானால் கோடும் மாறுகிறது. சாக்கோவின் கை வளர்ந்ததற்கு இந்தக் கேள்விகள்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கோடு எப்படி மாறுகிறது என்பதையும் கிட்டே போய்ப் பார்த்துவிடுவோம். சாக்கோவின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை அடுத்தடுத்துப் போட்டு, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை போட வேண்டும். நெருக்கமாகப் போட்டால் இருட்டு, இடைவெளி விட்டால் வெளிச்சம். 'பாலஸ்தீன்' புத்தகத்தில் காஸாவின் அகதி முகாம் ஒன்று இரண்டு பக்கமும் நிறைய விரிகிறது. மழை பெய்து ஓய்ந்த சேற்றுத் தெரு, தேங்கிய தண்ணீர், தகரக் கூரைகள், அவை பறக்காமலிருக்க மேலே ஏற்றிய பாரங்கள். சேற்றுக்குக் கோடு வளைந்து புரள்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கோடே இல்லை, வெறும் காகிதம். தகரத்துக்கு நேர்கோடு. ஒரே பேனா, ஒரே மை, ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் கோடு போகும் திசை வேறு. இந்தக் கிராஸ் ஹாட்சிங் முறையைப் பழகும் பிள்ளைகள் நிழலை மட்டும் நினைத்துக்கொண்டு எல்லாவற்றின்மேலும் ஒரே வலையைப் போர்த்திவிடுகிறார்கள். பொருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எதனால் ஆனது என்று கோடு சொல்ல வேண்டும்.

2009-இல் வந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' அவருடைய மிகக் கடினமான வேலை. 1956 நவம்பரில் கான் யூனிஸிலும் ராஃபாவிலும் இஸ்ரேலியப் படையினர் பாலஸ்தீனர்களைக் கொன்ற சம்பவங்கள் அதன் மையம். ஐ.நா. அறிக்கை ஒன்று கான் யூனிஸில் 275 பேர், ராஃபாவில் 111 பேர் என்று கணக்குச் சொல்கிறது. வரலாற்றில் அது ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. சாக்கோ 2002, 2003-இல் அங்கே போய், அதைக் கண்ட முதியவர்களைத் தேடித் தேடிப் பேசினார். அதற்குப் பிறகு பல வருஷம் மேசையில் உட்கார்ந்தார். 1956-இல் முகாம் எப்படி இருந்தது என்று அறிய ஐ.நா. ஆவணக் காப்பகப் புகைப்படங்களைப் பார்த்தார்.

இங்கே வரைகலைக்கே உரிய ஒரு சங்கடம் வருகிறது. எழுத்தில் 'என்று கூறப்படுகிறது' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், வாசகர் எச்சரிக்கையாகிவிடுவார். படத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. ஒரு சிப்பாய் சுடுவதாக வரைந்துவிட்டால் அது நடந்ததாகவே கண் நம்பிவிடும். ஐம்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து சொல்பவர்கள் ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கிறார்கள். சாக்கோ இதற்குச் செய்த வழி எளிமையானது, நேர்மையானது. சம்பவத்தை வரையும் கட்டங்களுக்கு நடுவே, அதைச் சொல்கிறவரின் இன்றைய முகத்தை, பெயரோடு, திரும்பத் திரும்ப வைக்கிறார். சுருக்கம் விழுந்த முதிய முகம். 'இது இவர் சொன்னது' என்று அந்த முகம் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இருவர் வேறு வேறு விதமாகச் சொன்னால் அந்த முரண்பாட்டையும் மறைக்காமல் வைக்கிறார். எத்தனை முதிய முகங்களை வரைந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். உருவப்படம் வரையும் திறமை அவருக்கு அந்தக் கட்டாயத்தால்தான் அப்படி முதிர்ந்தது.

பிறகு தனக்குத் தானே வேறு விதமான சோதனை வைத்துக்கொண்டார். 2013-இல் வந்த 'தி கிரேட் வார்' 24 அடி நீளத்துக்கு மடிந்து விரியும் ஒரே படம். முதல் உலகப் போரில் 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். காலையில் பிரிட்டிஷ் தளபதி ஹெய்க் உலாவுவதில் தொடங்கி, பதுங்குகுழிகள், தாக்குதல், காயம்பட்டவர்கள், கடைசியில் புதைகுழிகள் வரை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். படத்தில் பேச்சே கிடையாது. நார்மன் படையெடுப்பைச் சொல்லும் இடைக்காலத்து பாயூ பூவேலைத் துணி அவருக்கு முன்மாதிரி. இடமிருந்து வலமாக நகர நகரக் காலமும் நகர்கிறது. பேச்சு பலூன்களை நம்பிப் பழகிய ஓவியர், அவை இல்லாமல் கூட்டத்தையும் நிலத்தையும் காலத்தையும் மட்டும் வைத்துக் கதை சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொண்டார். 2020-இல் கனடாவின் வடமேற்குப் பகுதி டெனே பழங்குடிகளைப் பற்றி வந்த 'பேயிங் தி லேண்ட்' புத்தகத்தில் கட்டங்களின் எல்லைக்கோடே பல இடங்களில் கரைந்துவிடுகிறது. நிலத்தோடு சேர்ந்து வாழ்ந்த பழைய நாட்களைச் சொல்லும்போது ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் ஓடிக் கலக்கிறது. சிறைவாசத்தைச் சொல்லக் கட்டத்தை நெருக்கிய அதே கை, காட்டு வாழ்க்கையைச் சொல்ல அதை அவிழ்த்துவிட்டது.

இவ்வளவும் கற்ற கைதான் முசாஃபர்நகரை வரைந்தது. அதற்கு முன்பே அவர் இந்தியாவுக்கு வந்திருக்கிறார். உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் தலித் மக்களின் பசியையும் நிலமின்மையையும் வரைந்த அறிக்கை 2012-இல் வந்த 'ஜர்னலிசம்' தொகுப்பில் இருக்கிறது. முசாஃபர்நகர் கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊரைவிட்டு ஓடி முகாம்களில் ஒடுங்கினர். 2013 ஆகஸ்ட் 27-இல் கவால் என்ற ஊரில் மூன்று இளைஞர்கள் இறந்ததிலிருந்து தீ பரவியது. அந்த முதல் சம்பவம் எதனால் நடந்தது என்பதிலேயே இரு தரப்புக்கும் இரு கதை. சாக்கோ இரு பக்கமும் போய்ப் பேசுகிறார். ராஃபா முதியவர்களிடம் கற்ற பாடம் இங்கே கைகொடுக்கிறது. சொல்பவரின் முகத்தை அருகில் வைப்பது, முரண்பாட்டை மறைக்காமல் விடுவது, பொய் எப்படி ஊராரின் நினைவாக உறைகிறது என்று காட்டுவது. வாக்குக்காகப் பகையை மூட்டும் அரசியல் எந்த ஜனநாயகத்தையும் எப்படி அரிக்கும் என்பதுதான் அவர் கவலை. நாமும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

காஸா தொடரில் பழைய கேலிச்சித்திரக் கை திரும்பி வந்ததற்கும் விஷயத்தின் தேவைதான் விளக்கம். அங்கே அவருக்கு நேரில் போக வழியில்லை, ஒரு பக்கத்தை மாதக்கணக்கில் செதுக்க நேரமும் இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கி உடனே பேச வேண்டியிருந்தது. அதற்கு நையாண்டிதான் ஆயுதம். எளியவர்களை வரையும்போது பொருந்தாத மிகைப்படுத்தல், அதிகாரிகளை வரையும்போது கச்சிதமாகப் பொருந்தியது. முப்பது வருஷத்துக்கு முன் அவர் ஒதுக்கி வைத்தது வீணாகவில்லை.

ஆகவே 'கை எப்போ படியும்' என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இது. பயிற்சியை விடாதீர்கள், ஆனால் பயிற்சிக்கு ஒரு விஷயத்தைத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் இப்போதைய கையால் சமாளிக்க முடியாத விஷயமாக அது இருக்கட்டும். வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர் படித்த பள்ளிக்கூடத்தை வரையப் போகிறேன் என்று சொல்லி உட்காருங்கள். கூரை ஓடா ஓலையா, பெஞ்சா தரையா, வாத்தியார் எங்கே நிற்பார், தண்ணீர்ப் பானை எந்த மூலையில், வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும் என்று கேளுங்கள். வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "வாசப்படி இவ்ளோ உசரம் இல்லப்பா, நாங்க குதிச்சு ஏறுவோம்ல, அந்த அளவுதான்" என்பார். திருத்தி மறுபடி வரையுங்கள். உங்கள் பழைய பாணியால் முடியாத ஏதோ ஒன்று அங்கே கட்டாயம் எதிர்ப்படும். அந்த இடத்தில் எந்தப் புகழ்பெற்ற ஓவியரின் பாணியையும் இரவல் வாங்காதீர்கள். அதை வரைவதற்கு என்ன தேவையோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கை வளர ஆரம்பிப்பது அந்த வேலையில்தான்.